முன்னே போனவர் சொல்ல வேண்டியது

என் அண்ணன் மகள் பி.காம் முடித்துவிட்டு வேலை தேடுகிறாள். சேதராப்பட்டு, கிருமாம்பாக்கம், சென்னை என்று கண்ட இடத்துக்கெல்லாம் பயோடேட்டா போகிறது. "உங்க காலேஜ் சீனியர் யாரையாவது போன்ல கூப்பிட்டுக் கேளேன்" என்றேன். "முகம் தெரியாதவங்ககிட்டப் போய் நிக்கறது பிச்சை கேக்கற மாதிரி இருக்கு அத்தை. என் தகுதிக்குக் கிடைக்கறது கிடைக்கட்டும்" என்றாள்.

அதைச் சோம்பல் என்று சொல்ல மாட்டேன். மானம் பேசியது அது. அதனால்தான் அந்தப் பதிலை என்னால் லேசாகத் தள்ள முடியவில்லை. இன்னொருவர் காட்டிய வழியில் போய் அடைந்தது நம்முடையதாகுமா? வள்ளுவருக்கே இது எளிதாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன். 106-வது அதிகாரத்தில் கேட்கத் தகுந்தவரிடம் கேள் என்கிறார். 107-வது அதிகாரத்தில் கேட்கவே அஞ்சு என்கிறார். என் அண்ணன் மகள் 107-ன் பிள்ளை.

இன்னொருவர் சொல்லிப் போவது இழிவல்ல என்பதற்கு நம் புதுச்சேரிப் பக்கத்திலேயே ஒரு கதை உண்டு. தவளக்குப்பம் சந்திப்பில் மேற்கே திரும்பி அபிஷேகப்பாக்கம் பக்கம் போனால் சிங்கிரிகுடி. பதினாறு கைகளோடு இரணியனைக் கிழிக்கும் நரசிம்மர் அங்கே இருக்கிறார். இரணியன் மாண்ட பிறகும் அந்தக் கோபம் தணியவில்லை என்கிறது பாகவதம். தேவர்கள் கிட்டே போக அஞ்சி லட்சுமியை அனுப்புகிறார்கள், அவளும் நெருங்கவில்லை. கடைசியில் பிரமன், பக்கத்தில் நின்ற பிரகலாதனைப் போகச் சொல்கிறான். குழந்தை போகிறது, கோபம் தணிகிறது. பிரமன் சொல்லிப் போனதால் பிரகலாதனின் பக்தி ஒரு துளி குறைந்தது என்று யாரும் சொன்னதில்லை. வைணவம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பிள்ளை லோகாசாரியார் தம் ஸ்ரீவசன பூஷணத்தின் தொடக்கத்திலேயே, உயிருக்காகப் பெருமாளிடம் பரிந்து பேசும் தாயாரின் பெருமையைத்தான் எடுத்துக்கொள்கிறார்.

ஆனால் என் மனம் போய் நிற்கும் இடம் சிறுபாணாற்றுப்படை. வகுப்பில் நடத்திய காலத்திலிருந்தே அந்த 269 அடிகளும் எனக்கு நெருக்கம். இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடியது. நமக்குத் தூரத்து நிலமும் இல்லை. பாட்டுடைத் தலைவன் நல்லியக்கோடனின் ஓய்மாநாடு திண்டிவனத்தைச் சுற்றியது. பாட்டில் வரும் எயிற்பட்டினம் நம் மரக்காணம் என்பார்கள். பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் இன்னொரு பாணனைப் பார்க்கிறான். இருவருக்கும் உறவு சொல்லப்படவில்லை. தொழில் ஒன்று, அவ்வளவுதான். எதிரே வந்தவன் கேட்கும்வரை இவன் காத்திருக்கவில்லை, தானே பேசத் தொடங்குகிறான்.

அப்படிப் பேசும்போது தன் பழைய அடுக்களையை அவன் மறைக்கவில்லை என்பதுதான் என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்துகிறது. இடிந்த கூரை, பால் இல்லாமல் குட்டிகளை விரட்டும் நாய், பிறர் பார்த்துவிடக் கூடாதென்று கதவை அடைத்துக்கொண்டு உப்பில்லாத வேளைக்கீரையைச் சமைத்து உண்ட வீடு. ஊருக்குத் தெரியாமல் அடைத்த அந்தக் கதவை நடுவழியில் ஓர் அந்நியனுக்காகத் திறக்கிறான். 'நானும் நீ நிற்கும் இடத்தில் நின்றவன்' என்று சொல்லிவிட்டால் கேட்பவனுக்குக் கூச்சம் எங்கிருந்து வரும்? அதன் பிறகு வழி: பட்டினத்தில் மீன் கிடைக்கும், ஆமூரில் வெண்சோறும் நண்டும் கிடைக்கும், அரசன் எப்படி வரவேற்பான், என்னென்ன தருவான் என்று சொல்லிக்கொண்டே போகிறான். அரண்மனைக்கு நடக்க வேண்டியதும் யாழ் மீட்ட வேண்டியதும் போகிறவன்தான்.

சிபாரிசு வேறு, இப்படி வழி கேட்பது வேறு என்று அண்ணன் மகளிடம் சொன்னேன். இன்னொரு பிள்ளைக்குச் சேர வேண்டிய இடத்தைப் பணத்தாலோ செல்வாக்காலோ பிடித்துத் தருவது பாவம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. "வேலை வாங்கிக் குடுங்க" என்று கேட்காதே. "உங்க அக்கவுண்ட்ஸ் பிரிவுல டாலி போதுமா, ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் தெரியணுமா? இன்டர்வியூல என்ன கேட்டாங்க? புதுசா ஆள் எடுக்கறாங்களா?" என்று கேள். பதில் வந்தால் நன்றி சொல். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் என்ன ஆயிற்று என்று அவருக்குத் தெரிவி.

சொந்தக்காரர்களிடமே கேட்டால் போதாதா என்றாள். 1973-ல் மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். பாஸ்டன் அருகே, தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம் விசாரித்தபோது, அடிக்கடி சந்திப்பவர் மூலம் பெற்றவர்கள் ஆறில் ஒருவர்தான். மற்றவர்களுக்கெல்லாம் எப்போதாவதோ அபூர்வமாகவோ பார்க்கிறவர்களே சேதி சொன்னவர்கள். நம் வீட்டாருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததே. புதுச் சேதி வெளியிலிருந்துதான் வர வேண்டும். வறுமையோடு வந்த பாணன் வழியில் கண்டதும் அப்படி வெளியிலிருந்து சேதி கொண்டுவந்த ஒருவனைத்தான்.

நல்லவாடு, வீராம்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் வீட்டின் முதல் பட்டதாரியாக வரும் பிள்ளைகளை நினைக்கும்போது என் கவலை கூடுகிறது. கம்பெனியில் மாமாவோ சித்தப்பாவோ இருக்கும் பிள்ளைக்குச் சாப்பாட்டு நேரத்துப் பேச்சிலேயே எல்லாம் தெரிந்துவிடுகிறது. அப்படி ஒரு வீடு இல்லாத பிள்ளையைப் பார்த்து 'மானத்தோடு இரு, யாரிடமும் கேட்காதே' என்று சொல்வது நியாயமில்லை.

அந்தப் பாட்டின்படி முதல் கடமை கேட்பவர் மேல் விழவில்லை, பெற்றவர் மேல்தான் விழுகிறது. ஆகவே நம் பக்கத்திலிருந்து போய் வேலையில் அமர்ந்திருக்கும் தம்பி தங்கைகளிடம் ஒன்று கேட்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் பழைய கல்லூரிக்குப் போய், முதல் சம்பளம் எவ்வளவு, எத்தனை இடத்தில் வேண்டாம் என்றார்கள், எந்தக் கேள்விக்கு வாயடைத்து நின்றீர்கள் என்பதையெல்லாம் மறைக்காமல் சொல்லுங்கள். கூச்சப்பட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் நீங்களே போய்ப் பேசுங்கள்.