அனுப்பியவர் பெயர்

2019 மக்களவைத் தேர்தல். ஏப்ரல் 18 எங்களுக்கு வாக்குப்பதிவு. வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் பிரச்சாரம் கூடாது என்கிறது சட்டம். தெருவில் ஒலிபெருக்கிகள் ஓய்ந்துவிட்டன. கைபேசி ஓயவில்லை. முதல் நாள் இரவு ஒரு படம் வந்தது. ஒரு பெண் வேட்பாளர், பக்கத்தில் ஓர் ஆண். கீழே அவருடைய நடத்தையைப் பற்றி இரண்டு வரி. சிரித்துக்கொண்டே குடும்பக் குழுவில் போட்டேன்.

அத்தை எழுதினார்: “நீயே அனுப்பியிருக்கேன்னா உண்மையாத்தான் இருக்கும்.”

தேர்தல் சுவரொட்டியில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருந்தாக வேண்டும். அந்தப் படத்தில் யார் பெயரும் இல்லை. எங்கள் குழுவில் அதற்கு இருந்த ஒரே பெயர் என் பெயர். கட்சிகளின் இணையப் படைகளுக்கு வேண்டியதும் அதுதான். மேடையில் ஒருவர் பேசினால் ‘அரசியல்வாதி பேசுகிறார்’ என்று பாதியைத் தள்ளிவிடுவோம். வீட்டுப் பெண் அனுப்பினால் யார் தள்ளுவார்?

2019 தேர்தலையொட்டி இந்தியப் பெண் அரசியல்வாதிகள் 95 பேரைக் குறித்து வந்த ட்விட்டர் பதிவுகளை ஆம்னெஸ்டி ஆராய்ந்தது. ஏறக்குறைய ஏழில் ஒன்று வசையாகவோ புண்படுத்துவதாகவோ இருந்தது. அந்த ஆய்வைப் படித்தபோது, இந்த ஆண்கள் இப்படித்தான் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

‘நான் எழுதவில்லை, அனுப்பினேன், அவ்வளவுதான்’ என்று சொல்லிப் பார்த்தேன். நம்மில் பலரைப் பற்றி ஊர் பேசியதும் இப்படித்தானே? “நான் சொல்லல, அவங்க சொன்னாங்க.” சொன்னவர் யாருமே இல்லாமல் ஒரு பெண்ணின் பெயர் கெடும். திட்டமிட்டுச் செய்தவரின் குற்றமும் என் குற்றமும் ஒரே அளவு அல்ல. ஆனால் என்னுடையது சிறியது என்பதால் இல்லாமல் போய்விடாது. 2018இலேயே இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்ஆப் தடுத்திருந்தது. எனக்கு ஒரு குழுவே போதுமானதாக இருந்தது.

மறுநாள் முழுப்படம் வந்தது. ஏதோ கல்யாண வரவேற்பு. சுற்றி நின்றவர்களை வெட்டியிருந்தார்கள். நான் போட்டதை அழிக்கப் பார்த்தேன், நேரம் கடந்திருந்தது. தவறு என்னுடையது என்று குழுவில் எழுதினேன்.

அத்தை மட்டும் கேட்டார்: “அப்ப அந்தப் பொண்ணு நல்லவதானா?”

ஆம் என்று எழுதப் போய் நிறுத்தினேன். ஆம் என்றாலும் அதே தராசில்தான் அவரை நிறுத்துகிறேன். எந்த ஆண் வேட்பாளரைப் பற்றியும் அத்தை என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. “அவங்க தொகுதிக்கு என்ன செய்யறதா சொல்றாங்கன்னு பார்ப்போம் அத்தை” என்று எழுதினேன். அதற்குள் பலர் வாக்களித்துவிட்டு வந்திருந்தார்கள்.