தகப்பன் என்னும் சொல்

கடவுளைத் தகப்பன் என்று அழைப்பது கிறிஸ்தவ மதத்தின் உயிர்நாடி. அரசன், நியாயாதிபதி, மேய்ப்பன் என்று அவர்களுடைய வேதத்தில் கடவுளுக்குப் பல பெயர்கள் உண்டு. ஆயினும் இயேசு தம் சீடர்களுக்குக் கற்றுக்கொடுத்த ஜெபம் பிதாவை விளித்தே தொடங்குகிறது. பிள்ளை கேட்குமுன்பே அதற்கு வேண்டியது இன்னதென்று அறிந்தவர். கெட்டுத் திரும்பும் பிள்ளையைத் தூரத்திலே கண்டதும் எதிரே ஓடுகிறவர். தகப்பனுக்கு அவர் வகுத்த இலக்கணம் இதுவே. இதில் நமக்கு ஆட்சேபணை யாதொன்றும் இல்லை. கடவுள் உண்டா, இல்லையா என்னும் வாதத்தையும் நாம் இங்கே எடுக்கப் போவதில்லை. நாம் கேட்க விரும்புவது வேறு. இச்சொல்லைத் தினந்தோறும் வாயால் சொல்லுகிற மனிதனுக்கு அதனால் ஏற்படும் கடமை யாது?

தகப்பன் என்னும் சொல் நம்மவர்க்குப் புதிதன்று. மலாயாத் தோட்டங்களில் நம் முன்னோர் துரையின் முன் கைகட்டி நின்று, தாயும் தகப்பனும் நீங்களே என்றனர். கங்காணியும் தன்னைத் தகப்பன் ஸ்தானத்திலேயே வைத்துக்கொண்டான். ஊரிலிருந்து அழைத்து வந்தவன் அவன்; கடன் கொடுத்தவன் அவன்; லயத்தில் சண்டை வந்தால் தீர்த்துவைத்தவனும் அவனே. ஆனால் அந்தத் தகப்பனுக்கு, வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு பிள்ளையின் பேரிலும் தலைக்காசு கிடைத்துக்கொண்டிருந்தது! 1938-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் உதவிபெற்றுக் கடல் கடக்கும் தொழிலாளரைத் தடுத்த பிறகே கங்காணி ஆள் சேர்ப்பது ஒழிந்தது. பராமரிப்பு என்ற பெயரால் ஒருவனை என்றென்றைக்கும் பிள்ளையாகவே வைத்துக்கொள்வது எவ்வளவு எளிது என்பதை நம்மைவிட நன்கு அறிந்தவர் எவர்?

இயேசு சொன்ன கதையின் தகப்பனோ அப்படிப்பட்டவன் அல்லன். இளைய மகன் பங்கு கேட்டபோது சொத்தைப் பிரித்துக் கொடுத்தான், போகவும் விட்டான், கதவுக்குப் பூட்டுப் போடவில்லை. நம் பிரசங்கிகள் இப்பகுதியை அதிகமாக விரிப்பதில்லை. திரும்பி வந்த பிள்ளையின் கண்ணீரே அவர்களுக்கு வசதியாக இருக்கிறது போலும்.

நிற்க. செலாயாங்கிலிருந்து மேற்கே சிறிது தூரம் சென்றால் சுங்கை பூலோ. அங்கே 1930-ஆம் ஆண்டில் தொழுநோயாளர்க்கென்று ஒரு குடியிருப்பு திறக்கப்பட்டது. அதற்கு முன் நோயாளிகள் செத்தாப்பாக்கில் இருந்த பழைய விடுதியில் சிறைவாசிகளைப் போலக் கிடந்தனர். அந்த நிலையைக் கண்டு மனம் பொறாத டாக்டர் டிராவர்ஸ் என்னும் ஆங்கிலேயர், நோயாளியும் வீடும் தோட்டமும் வைத்து மனிதனாக வாழவேண்டும் என்று விரும்பினார். அந்த விருப்பத்தின்படி சிறு சிறு வீடுகளும் பள்ளியும் எழுந்தன. மசூதியும், இந்துக் கோயிலும், புத்தர் ஆலயமும், கிறிஸ்தவ தேவாலயங்களும் எழுந்தன. ஒரு காலத்தில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கே வாழ்ந்தனர். அந்த டாக்டரின் நல்ல எண்ணத்தை நாம் சிறிதும் குறைத்துப் பேசோம்.

ஆனால் அந்த நல்ல எண்ணத்தைச் சுற்றி வேலியும் இருந்தது. 1926-ஆம் ஆண்டின் சட்டப்படி நோய் கண்டவர் கட்டாயமாகப் பிரித்துவைக்கப்பட்டனர். உள்ளே ஆணும் பெண்ணும் மணந்துகொண்டனர், குழந்தைகள் பிறந்தன. பிறந்த குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்துவிடுவது அங்கே விதியாயிருந்தது. தொற்றிவிடும் என்பதே காரணம். உறவினர் எவரேனும் வந்து ஏற்றால் ஏற்றனர். இல்லையேல் முன்பின் அறியாத குடும்பங்களுக்குக் குழந்தைகள் தத்துப் போயின. தொழுநோய் பரம்பரை நோயன்று. ஹான்சன் என்னும் நார்வே நாட்டு வைத்தியர் அதன் கிருமியை 1873-லேயே கண்டுபிடித்திருந்தார். 1940-களின் இறுதியில் நல்ல மருந்தும் வந்து சேர்ந்தது. ஆனால் அச்சம் மட்டும் மருந்து வந்த வேகத்தில் விலகவில்லை.

அந்தக் குடியிருப்பின் தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமை மண்டியிட்ட ஒரு மனிதனை எண்ணிப் பாருங்கள். அவன் பெற்ற குழந்தை எந்த வீட்டில், எந்தப் பெயரால் அழைக்கப்படுகிறது என்பதை அவன் அறியான். அதற்குப் பசியா, காய்ச்சலா என்பதையும் அறியான். தகப்பன் என்று சொல்லிக்கொள்ளக்கூட உரிமையற்ற அவன், தலை குனிந்து, தகப்பனே என்று கடவுளை அழைக்கிறான். நாத்திகத் தோழர் இதைக் கண்டு, அந்தத் தகப்பன் எங்கே போனான் என்று கேட்பார். கேள்வி நியாயமானதே. உபதேசியாரோ, இது சோதனை, பொறுத்துக்கொள் என்பார். இந்தப் பதிலை நாம் ஏற்க இயலாது. பிள்ளையைப் பறித்தது கடவுள் என்று சொல்லிவிட்டால், பறித்த சட்டத்துக்கும் அதற்கு இசைந்திருந்த ஊராருக்கும் பொறுப்பே இல்லாமற் போய்விடுகிறதே! வேலியைக் கட்டியது மனிதன். அதற்கு வெளியே நிம்மதியாகத் தூங்கியதும் மனிதன்தான்.

இவ்விடத்தில் நம் தாய்மொழி ஓர் உண்மையைக் காட்டுகிறது. ‘நம்’ என்றால் கேட்பவனும் சேர்வான். ‘எங்கள்’ என்றால் கேட்பவன் நீங்குவான். மலாய் மொழியிலும் ‘கித்தா’, ‘காமி’ என்று இந்த வேறுபாடு உண்டு, ஆங்கிலத்தில் இல்லை. தமிழ்க் கிறிஸ்தவர் ஜெபத்தில் ‘எங்கள்’ என்றே சொல்லுகின்றனர். மலாய் மொழியில் ஜெபிப்போர் ‘காமி’ என்கின்றனர். கேட்பவர் கடவுளாதலால் அச்சொல்லுக்கு வெளியே நிற்பவர் அவர் ஒருவரே. இலக்கணம் விலக்குவது அவரை மட்டுமே. வேறு எவரேனும் வெளியே நின்றால் அவரை நிறுத்தியவர் நாம். கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ உட்கார்ந்து ஒருவர் ‘எங்கள்’ என்று சொன்னபோது, சுங்கை பூலோவில் இருந்த அந்த மனிதனும், அவனுக்குத் தெரியாத வீட்டில் வளர்ந்த அவனுடைய குழந்தையும் அச்சொல்லுக்குள் இருந்தனரா? இருந்தனர் என்றால், தம் சகோதரனுடைய பிள்ளை எங்கே என்று அவர் கேட்டிருக்க வேண்டும் அல்லவா?

சொல்லுக்குள்ளே சுவர் எழுப்புவதில் நம்மவர் எவருக்கும் இளைத்தவர் அல்லர். திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்னும் ஊரில், ஒரே கோயிலுக்குள் வேளாளருக்கு ஒரு பக்கம், நாடாருக்கு ஒரு பக்கம் என்று தடுப்பு வைத்து, இரு பக்கத்தாரும் ஒரே பிதாவை நோக்கி ஜெபம் செய்தனர். 1910-ஆம் ஆண்டில் குருமார் அந்தத் தடுப்பை இடிக்கச் செய்தபோது, அதைத் திரும்ப வைக்கவேண்டுமென்று நியாயஸ்தலம் வரை சென்றவர்களும் அந்த ஜெபத்தைச் சொன்னவர்களே. சென்னை உயர்நீதிமன்றம் அவர்களுக்கு இடங்கொடுக்கவில்லை. பிதாவின் வீட்டில் பிள்ளைகள் சேர்ந்து உட்காரலாம் என்பதற்கு ஒரு நீதிபதியின் தீர்ப்பும் வேண்டியிருந்தது!

சுங்கை பூலோவில் இன்று கட்டாயம் இல்லை. நோய் தீர்ந்தும் பலர் அங்கேயே தங்கிச் செடிகொடி வளர்த்து விற்றுப் பிழைத்தனர். பட்டணத்தார் வண்டியை நிறுத்திப் பூஞ்செடி வாங்கிச் சென்றனர். 2007-ஆம் ஆண்டில் குடியிருப்பின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. தத்துப் போன குழந்தைகளுள் சிலர் நரைகண்ட வயதில், பழைய பதிவேடுகளைக் கொண்டு பெற்றோரைத் தேடி அங்கே வந்தனர். சிலருக்குப் பெற்றவர் உயிரோடு கிடைத்தனர். சிலருக்குக் கிடைத்தது அங்குள்ள மயானத்தில் ஒரு கல்.