சத்தம் நின்றுபோன நாலு நாள்

ஒர்க்‌ஷாப்பில் எனக்கு முதலில் சொல்லிக் கொடுத்தது ஸ்பேனர் பிடிக்க அல்ல, காது கொடுத்துக் கேட்க. 90களின் தொடக்கத்தில் போடிநாயக்கனூரில் நான் ஹெல்ப்பராக இருந்தேன். வருவதெல்லாம் பழைய ஜீப்புகள். விடியுமுன்னே எங்கள் தெருப் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறி, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டு, பொழுது சாயத் திருப்பிக் கொண்டுவரும் வண்டிகள். 17 கொண்டை ஊசி வளைவு. பத்துப் பேர் உட்காரும் இடத்தில் இருபது பேர்.

வீல் பேரிங் தேய்ந்தால் வண்டி ஊளையிடும். வேகம் கூடினால் ஊளையும் கூடும். கியரை நியூட்ரலில் போட்டு உருளவிட்டாலும் நிற்காது. அப்போது எஞ்சின் இல்லை என்று தெரிந்துவிடும். டயர் சத்தம் ரோட்டுக்கு ரோடு மாறும், இது மாறாது. இடது பக்கம் ஒடித்தால் பாரம் வலது சக்கரத்தில் விழும். அப்போது சத்தம் ஏறினால் வலது பேரிங்தான். ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் தெரிந்தால் ஒருத்தரை பிரேக்கை மிதிக்கச் சொல்லணும். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங். மிதித்த பிறகும் ஆடினால் கிங் பின். இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. கை படித்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி அப்படி ஒரு ஜீப் வந்தது. வலது முன்சக்கரம். ஹப்பைக் கழற்றினேன். கிரீஸ் தார் மாதிரிக் கறுத்திருந்தது. விரலில் தேய்த்தால் இரும்புப் பொடி நறநறவென்றது. கப்பில் அம்மைத் தழும்பாய்க் குழிகள். உருளைகளில் சூடு ஏறி நீலம் பாய்ந்திருந்தது. மாற்றியே ஆக வேண்டும்.

ஓனர் வந்து பார்த்தார். "காய் எடுப்பு நேரம், வண்டிய நிப்பாட்ட முடியாது. கிரீஸ அடச்சு நட்ட இறுக்கி விடு. ஞாயித்துக்கெழம பாத்துக்கலாம்" என்றார். நான் மேஸ்திரியைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "சொன்னதச் செய்டா" என்றார்.

செய்தேன்.

என்ன செய்தேன் என்று விவரமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரிப் பேரிங்கில் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, சக்கரம் பிடித்ததும் ஆறில் ஒரு சுற்று பின்னால் தளர்த்தணும். இரும்பு சூடாகி விரிய இடம் வேண்டும் அல்லவா? அந்த இடத்தைக் கொடுக்காமல் இறுக்கினால் ஆட்டம் மறையும், புது கிரீஸில் ஊளையும் அடங்கும். ஆனால் உள்ளே சூடு ஏறும். குழி விழுந்த பேரிங் அப்படிச் சூடேறினால் உருளை உடையலாம், இறுகிப் பிடித்துக்கொள்ளலாம், ஹப்போடு சக்கரமே கழன்று ஓடலாம். நான் பேரிங்கைச் சரிசெய்யவில்லை. அது சொல்லிக்கொண்டிருந்ததை வாயடைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் ஜீப்பிலிருந்து இறங்கிய ஒரு அக்கா என்னைக் கூப்பிட்டார். "தம்பி, நீதான வண்டியப் பாத்த? நேத்து வரைக்கும் நாய் மாதிரி ஊள. இன்னக்கித்தான் பயமில்லாமத் தூங்கிக்கிட்டே வந்தோம்."

"ஆமாக்கா" என்றேன்.

புதன், வியாழன், வெள்ளி, சனி. ஒன்றும் நடக்கவில்லை. அதனால்தான் இதை எழுதத் தோன்றுகிறது. ஏதாவது நடந்திருந்தால் எது குற்றம் என்று ஊரே பேசியிருக்கும்; போலீசும் வழக்கம்போல முதலில் டிரைவரைப் பிடித்திருக்கும். ஒன்றும் நடக்காதபோது குற்றம் எங்கே இருக்கிறது? யாருக்கும் அடிபடவில்லையே என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த அக்கா தூங்கினார் என்பதுதான் அதை ஒத்துக்கொள்ள விடவில்லை. சத்தம் இருந்தவரை அந்தப் பெண்களுக்குப் பயம் இருந்தது. பயம் ஒரு தகவல். அதை வைத்து அவர்கள் ஏறாமல் இருந்திருக்கலாம். ஒருநாள் கூலி போகுமே என்று தெரிந்தே ஏறியும் இருக்கலாம். எதுவானாலும் அது அவர்கள் முடிவு. அந்த முடிவைத்தான் நான் எடுத்துக்கொண்டேன். சக்கரம் கழன்றதா இல்லையா என்பது அதற்குப் பிறகு வரும் கணக்கு.

இதைச் சொன்னால் தோழர்கள் சிலர் கோபப்படுகிறார்கள். தினக்கூலிக்கு நின்ற சேரிப் பையன் மேல் என்ன பழி, குற்றம் முதலாளியுடையது என்கிறார்கள். முதலாளியுடையதுதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பழியைக் கீழே தள்ளிவிடுவது மேலே இருப்பவர்களின் பழைய வித்தை என்பதும் தெரியும். ஆனால் 'சொன்னதைச் செய்தேன்' என்ற பேச்சுக்குள் எனக்கு வேறொன்று கேட்கிறது. லாகூரில் பேச முடியாமல் போய், 1936இல் அச்சில் வந்த சாதி ஒழிப்பு உரையில் அம்பேத்கர் விதிக்கும் கோட்பாட்டுக்கும் வேறுபாடு காட்டுகிறார். விதிப்படி நடப்பது யந்திரம் போல நடப்பது. கோட்பாட்டை வைத்துத் தீர்மானிப்பவன் தப்பாகக்கூடத் தீர்மானிக்கலாம். ஆனால் செய்ததற்குப் பொறுப்பு அவனுடையது. பொறுப்பு இல்லாத இடத்தில் அறம் இல்லை என்பது அவர் வாதம். நம்மைக் காலங்காலமாக விதிக்குள் வைத்திருந்தவர்களுக்கு நாம் பொறுப்பில்லாதவர்களாக இருப்பது ரொம்ப வசதி. கருவிக்கு ஏது பாவம்? எனக்குப் பாவம் இல்லை என்று நீங்கள் அன்பாகச் சொல்லும்போது, தோழர், என்னை மறுபடியும் ஸ்பேனரோடு சேர்த்து வைத்துவிடுகிறீர்கள்.

இன்னொன்றும் இடையில் சொல்ல வேண்டும். 1989இல் போடியில் கலவரம் நடந்தது. வீடு எரிந்த ஊர்களில் பிறகு கூட்டப்படும் அமைதிக் கூட்டங்களைப் பற்றிக் கேள்விப்படும்போதெல்லாம் எனக்கு அந்த ஹப்தான் ஞாபகம் வரும். சத்தம் நின்றுவிட்டதா என்றுதான் கேட்கிறார்கள்.

என்னால் என்ன செய்திருக்க முடியும்? வேலையை விட்டிருக்கலாம் என்று எழுதுவது சுலபம். வீட்டில் அடுப்பு எரிந்தது அந்தக் கூலியில். நட்டைச் சரியாகத் தளர்த்தி விட்டிருந்தால்கூடக் கொஞ்சம் ஊளை மிஞ்சியிருக்கும். இல்லையென்றால் 'ஆமாக்கா' என்பதற்குப் பதிலாக வேறு ஒரு வாக்கியம். அதற்கு எந்த முதலாளியின் அனுமதியும் வேண்டியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை புதுப் பேரிங் வாங்கிக் கொடுத்தார்கள். பழைய கப்பை ஹப்பிலிருந்து தட்டி எடுத்தபோது உருளைக் கூடு ஒரு பக்கம் விரிந்திருந்ததைப் பார்த்தேன். பித்தளைக் கம்பி வைத்துப் புதுக் கப்பைச் சுற்றிச் சுற்றித் தட்டி இறக்கினேன். உள்ளங்கையில் கிரீஸை வைத்து, உருளைகளின் இடுக்கில் அது பிதுங்கி வரும்வரை அழுத்தி ஏற்றினேன். நட்டை முறைப்படி தளர்த்தி, வாஷரை மடக்கிப் பூட்டினேன். சாயங்காலம் அந்த அக்கா வீட்டு வாசலுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறம் நின்றது.

"அப்ப அந்த நாலு நாளும்?" என்றார்.

அதன்பிறகு என்னோடு அவர் பேசுவது குறைந்துபோனது. ஆனால் ஜீப் வந்து நின்றால், ஏறுவதற்கு முன்னால் முன்சக்கரத்து ஹப்பில் புறங்கையை வைத்துப் பார்ப்பார்.