தயாரிப்பும் தவக்குலும்

சென்ற மாதம் ஒரு நாள் இஷாத் தொழுகை முடிந்து கூட்டம் கலைந்த பின், ஒரு வாலிபர் என்னைப் பள்ளிவாசலின் வெளித் திண்ணைக்குத் தனியே அழைத்து ஒரு மஸ்அலா கேட்டார். மணமாகி ஐந்தாண்டுகள் ஆகியும் அவருக்குப் பிள்ளைப்பேறு வாய்க்கவில்லை. சோதனைக் குழாய் முறையில் சிகிச்சை பெறலாம் என்று மருத்துவர் கூறியிருக்கிறார். ஆனால் உடனே தொடங்கவில்லை. மூன்று மாதம் கழித்து வரச்சொல்லி, அதுவரை கணவன் மனைவி இருவரும் உடலைத் தேற்றிக் கொள்வதற்கு மாத்திரைகளும் உணவு முறையும் எழுதித் தந்திருக்கிறார்.

"ஹஜ்ரத்! தருபவன் அல்லாஹ். அவன் நாடினால் இன்றைக்கே தருவான். நாடாவிட்டால் எத்தனை மாத்திரை விழுங்கினாலும் கிடைக்கப் போவதில்லை. அப்படியிருக்க, நாளை எண்ணி எண்ணி இப்படித் தயாராவது தவக்குலில் குறை வைப்பதாகாதா? எங்கள் உம்மா அப்படித்தான் சொல்கிறார்கள்" என்றார்.

அன்றிரவு அவருக்குச் சொன்னதையும், சொல்ல நா எழாமல் விட்டதையும் சேர்த்தே இங்கு எழுதுகிறேன்.

யமன் தேசத்திலிருந்து ஹஜ்ஜுக்கு வந்தவர்களில் சிலர் வழிக்குக் கட்டுச்சாதம் எதுவும் எடுத்துக் கொள்ளாமலே புறப்பட்டு விடுவார்கள். கேட்டால், தாங்கள் தவக்குல் வைத்தவர்கள் என்பார்கள். மக்கா வந்து சேர்ந்ததும் அங்குள்ளவர்களிடம் கையேந்துவார்கள். பயணத்துக்கு வேண்டியதைச் சேகரித்துக் கொள்ளும்படி பகரா சூராவில் வரும் கட்டளை இவர்கள் விஷயமாகவே இறங்கியது என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் அறிவித்திருப்பதை இமாம் புகாரி அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த யமன்வாசிகள் செய்த பிழை என்ன? அல்லாஹ்வை நம்பியது பிழையல்லவே! தம் சுமையை அல்லாஹ்விடம் ஒப்படைத்து விட்டதாக நாவால் சொல்லிக் கொண்டு, உண்மையில் அதை அடுத்தவர் தோளில் அல்லவா இறக்கி வைத்தார்கள்?

இதைச் சொல்லிக் கொண்டிருக்கும்போதே என் உள்ளம் என்னைக் குத்தியது. ஏனெனில் நானும் மணமாகி எட்டாண்டுகளாக மழலைச் செல்வத்துக்காகக் காத்திருப்பவன்தான். முதல் நான்காண்டுகள் என் வீட்டார் மட்டுமே மருத்துவமனைக்குப் போய்வந்தார்கள். இருவரும் சேர்ந்து வாருங்கள் என்று மருத்துவர் சொல்லி அனுப்பும் போதெல்லாம், "அல்லாஹ் தருவான், சபூராய் இரு" என்று கூறிவிட்டு மதரஸாவுக்குக் கிளம்பிவிடுவேன். மலடி என்ற சொல்லைக் கேட்டவர் அவர். பிறந்த பிள்ளைக்குப் பெயர் சூட்டும் வீடுகளில் பின்கட்டிலேயே நின்றுவிட்டு வந்தவரும் அவர். பரிசோதனைக்குப் போக எனக்கிருந்தது வெறும் வெட்கம். அதற்கு நான் சூட்டிய பெயர் தவக்குல். ஐந்தாம் ஆண்டில்தான் போனேன். குறை என்னிடத்திலும் இருந்தது. அன்று மாலை விவரத்தைச் சொன்னபோது அவர் ஒன்றுமே சொல்லவில்லை. "சாப்பிட வாங்க" என்றார். அவ்வளவுதான். இரண்டு வார்த்தை ஏசியிருந்தால்கூட எனக்கு இலகுவாக இருந்திருக்கும்.

அதன் பிறகு மர்யம் சூராவை ஓதும்போது, அதுவரை கவனிக்காத ஒன்று என் கண்ணில் பட்டது. ஹஜ்ரத் ஸகரிய்யா (அலை) அவர்கள் தம் ரப்பிடம் மெல்லிய குரலில் பிள்ளை கேட்கிறார்கள். அப்போது முதலில் தம் எலும்பு பலவீனப்பட்டதைச் சொல்கிறார்கள். அடுத்துத் தம் தலை நரைத்ததைச் சொல்கிறார்கள். மனைவி பிள்ளை பெறாதவர் என்பது அதற்கும் பின்னால்தான் வருகிறது. ஒரு நபி, தம் குறையை முன்வைத்து துஆவைத் தொடங்குகிறார்கள். நம்மில் எத்தனை ஆண்கள் அந்த வரிசையில் பேசுகிறோம்?

சரி, மூன்று மாதம் எதற்கு? நான் கேட்டறிந்த வரையில் சொல்கிறேன். ஆணின் வித்து உருவாகி முதிர்வதற்கு ஏறத்தாழ இரண்டரை மாதம் பிடிக்கிறது. ஆகவே பீடி, சிகரெட்டை இன்று விட்டவருக்கு அதன் பலன் நாளைக்கே தெரியாது. அத்தனை நாள் பொறுக்க வேண்டும். பெண்ணுக்கு தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் கொடுக்கிறார்கள். சிசுவின் மூளைக்கும் தண்டுவடத்துக்குமான அடித்தளம் முதல் நான்கு வாரங்களிலேயே அமைந்து விடுகிறது. தாய் தான் உண்டாகியிருப்பதை அறிவதற்குள்ளேயே அந்தக் காலம் கடந்துவிடக் கூடும் என்பதால் மாத்திரை முன்கூட்டியே தொடங்கியாக வேண்டும். ரூபெல்லா தடுப்பூசி போட வேண்டியிருந்தால் அதற்குப் பின் ஒரு மாதம் கருத்தரிக்காமல் இருக்க வேண்டும். சர்க்கரை, தைராய்டு இருந்தால் அவற்றையும் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். இந்தக் கிரமங்களைப் படைத்தவன் எவன்? அவற்றைப் பேணி நடப்பது அவன் மீதுள்ள நம்பிக்கையைக் குறைப்பது எப்படி? தொழுகையை எதிர்பார்த்து ஒளூவுடன் அமர்ந்திருப்பவர் தொழுகையிலேயே இருக்கிறார் என்பது நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குத் தந்த நன்மாராயமன்றோ!

ஆனால் உடலைத் தேற்றுவதைவிட இந்த நாட்களில் நடக்க வேண்டிய பெரிய வேலை ஒன்று உண்டு. அது நிய்யத்தைத் தேற்றுவது. சிகிச்சை தொடங்கிவிட்டால் ஊசியும் ஸ்கேனுமாக நாட்கள் ஓடும். அந்த அவசரத்தில் காகிதத்தை நீட்டுவார்கள். படிக்காமலே கையெழுத்துப் போடுவோம். ஆகவே அந்தப் படிவத்தை முன்னதாகவே வாங்கி வந்து, இருவரும் வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும்.

1978-ல் இங்கிலாந்தில் இம்முறையில் முதல் குழந்தை பிறந்தது முதலே உலமாப் பெருமக்கள் இதை ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். 1986-ல் அம்மான் நகரில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி ஏழு வழிகளை எடுத்து ஆராய்ந்தது. மூன்றாம் நபரின் வித்தோ, முட்டையோ, கருப்பையோ புகுகின்ற ஐந்தையும் ஹராம் என விலக்கியது. கணவனின் வித்தும் மனைவியின் முட்டையும் சேர்ந்து அதே மனைவியின் கருப்பையில் வளரும் இரண்டை மட்டும், தேவை ஏற்பட்டால், மிகுந்த பேணுதலோடு செய்து கொள்ளலாம் என்றது. 1990-ல் ஜித்தாவில் கூடியபோது, தேவைப்படும் எண்ணிக்கைக்கு மேல் கருக்களை உண்டாக்கக் கூடாது என்றும் தீர்மானித்தது. எத்தனை முட்டைகளைக் கருவாக்கப் போகிறீர்கள், எஞ்சினால் என்ன செய்வீர்கள் என்று மருத்துவரிடம் கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. ஆண் பிள்ளைதான் வேண்டும் என்று காதோடு சொல்லி அனுப்பும் மாமியார்களும் உண்டு. அதை நம் நாட்டின் 2021-ஆம் ஆண்டுச் சட்டமும் குற்றமாக்கியிருக்கிறது.

பணம் அடுத்தது. வட்டிக்கு வாங்கிப் பிள்ளை தேடக் கூடாது என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமென்பதில்லை. பலர் மறப்பது வேறொன்று. மனைவியின் மஹர் நகை அவளுடைய சொத்து. அவள் மனம் உவந்து தந்தாலொழிய அதில் கை வைக்கக் கணவனுக்கு உரிமையில்லை. எத்தனை முறை முயல்வது, எங்கே நிறுத்திக் கொள்வது என்பதையும் இப்போதே பேசி வைத்துக் கொள்வது நல்லது. ஆசை மூண்டுவிட்ட பிறகு கணக்கு நிற்பதில்லை.

கிடைக்காமலும் போகலாம். அதற்கும் இப்போதே உள்ளத்தைத் தயார் செய்ய வேண்டும் என்று நான் சொன்னதும் அந்த வாலிபரின் முகம் வாடிவிட்டது. தான் நாடியோருக்குப் பெண் மக்களையும், நாடியோருக்கு ஆண் மக்களையும், சிலருக்கு இரண்டையும் தருவதாகக் கூறும் இறைவன், நாடியோரைப் பிள்ளையற்றவராக ஆக்குவதையும் அதே மூச்சில் ஷூரா சூராவில் கூறுகிறான். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுக்குப் பிள்ளை இல்லை. தம் தோழியர் அனைவருக்கும் பிள்ளையின் பெயரால் அழைப்புப் பெயர் உண்டு என்று அவர்கள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கூற, தமக்கையின் மகன் அப்துல்லாஹ்வின் பெயரால் உம்மு அப்தில்லாஹ் என்று வைத்துக் கொள்ளச் சொன்னார்கள். அந்த வீட்டில் குறை கூறும் பேச்சு எழவில்லை. அழைப்பதற்கு ஓர் அழகான பெயர் கிடைத்தது. எங்கள் வீட்டிலும் என் மச்சான் மகள் ஒருத்தி ஓடித் திரிகிறாள்.

எழுந்திருக்கும்போது அவர் கடைசியாக ஒன்று கேட்டார்: "இதையெல்லாம் உம்மாவிடம் சொல்லவா வேண்டாமா, ஹஜ்ரத்?"

"வீட்டில் கேட்டீர்களா? இது அவர்களுடைய அந்தரங்கமும் அல்லவா?" என்றேன்.

சற்று நேரம் தலை குனிந்து நின்றார். "இல்லை ஹஜ்ரத். வெளியே ஆட்டோவில்தான் உட்கார்ந்திருக்கிறாள்" என்று சொல்லிவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் வாசலை நோக்கி நடந்தார்.