பேராயர் அசரியாவின் தலைமை

திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874-இல் கிராமப் போதகரின் மகனாகப் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார். அவரது தலைமை அந்தப் பதவியோடு தொடங்கியதன்று. ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக ஊர் ஊராகச் சென்றவர், 1903-இல் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் உருவாக முன்னின்றார். இந்தியரின் உழைப்பாலும் காணிக்கையாலும் ஊழியம் நடக்க வேண்டும் என்பது அச்சங்கத்தின் கொள்கை. பிறரை அனுப்பிவிட்டு அவர் ஊரில் தங்கிவிடவில்லை. 1909-இல் நிஜாம் ஆட்சிப் பகுதியிலிருந்த தோர்ணக்கல்லுக்குத் தாமே குடிபெயர்ந்தார், தெலுங்கு கற்றார். அவர் எடுத்த முடிவுகளில் மிகப் பெரியது இதுவே எனலாம்.

1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில், மேலைநாட்டு மிஷனெரிகள் இந்திய ஊழியரை நண்பராக நடத்தாத குறையை அவர்கள் முன்னிலையிலேயே எடுத்துரைத்தார். கசப்பின்றி, ஆனால் ஒளிவுமறைவின்றிப் பேசிய அந்தத் துணிவு அபூர்வமானது.

அவர் பேராயராக இருந்த தோர்ணக்கல் பேராயத்தின் மக்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா சாதிகளைச் சேர்ந்த ஏழைகள். அவர்களை அவர் உதவி பெறுவோராக மட்டும் கருதவில்லை. ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவரையும் தம் தலைமேல் கைவைத்து, நற்செய்தியை அறிவிப்பது தம் கடமை என உறுதி கூறச் செய்தார். வயல்வேலைக்குப் போகும் கூலியாளும் அங்கே சபையின் ஊழியரானார். காணிக்கை கொடுத்தல் பற்றித் தனி நூலே எழுதினார். அவரது மனைவி அன்பு மரியம்மாள் பெண்களிடையே பணியாற்றினார்.

1919-இல் தரங்கம்பாடியில் தொடங்கிய சபை ஐக்கிய முயற்சிக்கும் அசரியா முன்னோடி. 1945 ஜனவரி 1 அன்று மறைந்தார். அந்த முயற்சியின் பலனாகத் தென்னிந்தியத் திருச்சபை, அவர் மறைவுக்குப் பின் 1947-இல் உருவானது.