மலர்ப் பூசையும் ஒழுக்கப் பூசையும்

உயர்ந்தோரைப் போற்றுதல் மக்களுக்கு இயல்பு. ஆயின் போற்றுதல் என்பது யாது என்று நாம் ஆராய்வது அரிது. குசிநகரத்தில் இரட்டைச் சாலமரங்களின் இடையே பகவான் புத்தர் இறுதியாகச் சாய்ந்திருந்தபொழுது, அம்மரங்கள் பருவமல்லாக் காலத்திற் பூத்துத் திருமேனிமீது மலர் சொரிந்தன என்று மகா பரிநிர்வாண சூத்திரம் கூறுகின்றது. அவ்வேளை அவர் ஆனந்தரை நோக்கி, மலராலும் இசையாலும் ததாகதர் மெய்யாகப் போற்றப்படுவதில்லை என்றும், தம்மத்தின்வழி ஒழுகுவோரே அவரை மெய்யாகப் போற்றுவோர் என்றும் தெளிவுறுத்தினார். இதனை அடியொற்றியே பௌத்த ஆசிரியர்கள் பூசனையை இருவகையாகப் பகுத்தனர். பொருள்களைப் படைத்துச் செய்வது ஆமிச பூசை. ஒழுகிக் காட்டுவது பிரதிபத்தி பூசை. முன்னையது தள்ளத்தக்கதன்று, பின்னையதே உயர்ந்தது.

இப்பகுப்பு விகாரத்தின் சுவர்களுக்குள் மட்டும் பயன்படுவதன்று. நிலத்தையும் நீரையும் காட்டையும் காக்க முயன்று கொலையுண்டவர்களை நாம் எங்ஙனம் போற்றுவது என்னும் வினாவுக்கும் இதுவே அளவுகோல் என்பது நம் கருத்து.

புணேயிலிருந்து மும்பை நோக்கிச் செல்லும் இருப்புப் பாதையில் தேகுரோடு என்னும் ஊர் உள்ளது. பௌத்தர் நெஞ்சில் நிலைத்த ஊர் அது. 1954ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் டாக்டர் அம்பேத்கர், இரங்கூனிலிருந்து வந்த புத்தர் திருவுருவை அங்கு நிறுவினார். நாகபுரித் தீட்சைக்கு ஈராண்டுக்குச் சற்றுக் குறைவான காலத்திற்கு முன் நிகழ்ந்தது அது. தேகுரோட்டைக் கடந்து சில நிலையங்கள் சென்றால் தளேகாவ் தாபாடே என்னும் ஊர் வரும். அங்கே 2010ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் நாள் காலையில், நடைப்பயிற்சிக்குச் சென்ற சதீஷ் ஷெட்டி என்பவரை முகத்தை மறைத்து வந்த சிலர் கூரிய ஆயுதங்களால் வெட்டிக் கொன்றனர். அப்போது அவருக்கு வயது 38.

அவர் செய்த குற்றம் யாது? கேள்வி கேட்டதே. மும்பை–புணே விரைவுச் சாலை 2002ஆம் ஆண்டில் முழுவதும் திறக்கப்பட்டபின், ஏறத்தாழ 94 கிலோமீட்டர் நீளமுள்ள அச்சாலையை அடுத்த சிற்றூர்களின் நிலவிலை பன்மடங்கு ஏறிற்று. விலை ஏறிய இடத்தில் ஆசையும் ஏறிற்று. நிலங்கள் யார் கையிலிருந்து யார் கைக்கு, எந்தப் பத்திரத்தின் துணையால் மாறின என்பதை, 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வாயிலாக அவர் தேடிச் சென்றார். போலி ஆவணங்களால் நிலம் கைமாறியது என்று 2009ஆம் ஆண்டில் புகார் கொடுத்தார். தமக்குப் பாதுகாப்பு வேண்டும் என்றும் காவல் துறையிடம் விண்ணப்பித்தார், அது கிடைக்கவில்லை. கொலைக்குப்பின் மும்பை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து அதனைக் கருத்திற் கொண்டது. 2010ஆம் ஆண்டிலேயே மத்தியப் புலனாய்வுத் துறை வழக்கை ஏற்றது. அத்துறை 2014இல் வழக்கை முடித்துவிடலாம் என அறிக்கை தந்தது. பின்னர் வழக்கு மீண்டும் திறக்கப்பட்டது; 2018இல் மீண்டும் அவ்வாறே அறிக்கை தந்தது. அவருடைய உடன்பிறந்தார் மட்டும் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்குவதை விடவில்லை.

ஒரு நிலப் பதிவேட்டைக் கேட்பது அத்துணைப் பெரிய அறமோ என்று ஐயுறுவோர் இருப்பர். மராட்டிய நாட்டில் ஏழு–பன்னிரண்டு என்று வழங்கும் பதிவேடு உண்டு. ஏழாம் படிவம் நிலத்துக்கு உரியவரைக் காட்டும். பன்னிரண்டாம் படிவம் அதில் விளையும் பயிரைக் காட்டும். நம் நாட்டுப் பட்டா, சிட்டா, அடங்கல் போல்வது அது. எழுத்தறியாத உழவனுக்கு அந்தத் தாளே வேலி. அந்தத் தாளில் ஒரு பெயர் மாறினால், ஓசையின்றி ஒரு குடும்பம் தன் மண்ணை இழந்துவிடும்.

அக்கஞ்ஞ சூத்திரத்தில் பகவான் உலகத் தொடக்கத்தைப் பற்றிக் கூறிய கதையை இங்கு எண்ணிப் பார்த்தல் தகும். மக்கள் நெல்வயலைப் பங்கிட்டு எல்லை வகுத்தனர். பேராசை கொண்ட ஒருவன் தன் பங்கை வைத்துக்கொண்டே பிறன் பங்கை எடுத்தான். பிடிபட்டவன் இனிச் செய்யேன் என்றான், மீண்டும் செய்தான். மக்கள் அவனைக் கையாலும் கல்லாலும் கோலாலும் அடித்தனர். இங்ஙனம் களவும் பழியும் பொய்யும் வன்செயலும் ஒன்றன்பின் ஒன்றாக உலகிற் புகுந்தன. பின்னரே மக்கள் ஒன்றுகூடித் தம்முள் ஒருவனைத் தேர்ந்து, நியாயம் வழங்கும் பணியை அவனிடம் ஒப்படைத்து, தம் நெல்லில் ஒரு பங்கு கொடுக்க இசைந்தனர். அவனே மகாசம்மதன். ஆகவே பௌத்த நோக்கில் அரசு பிறந்ததே வயலின் எல்லையைக் காப்பதற்காக. அவ்வெல்லையைக் காக்கும் கடமையை அரசு மறந்தவிடத்து அதனை நினைவூட்டும் குடிமகன், அரசின் பகைவன் அல்லன். அரசு பிறந்த காரணத்தைக் காப்பவன். போலிப் பத்திரம் பொய் கூறாமையை மீறியது. நிலக் கவர்ச்சி கள்ளாமையை மீறியது. அவ்விரண்டையும் மறைப்பதற்காகச் செய்யும் கொலை கொல்லாமையை மீறியது. பஞ்சசீலத்தில் ஒன்றை உடைத்தவன் அடுத்ததை உடைக்க எத்துணை எளிதில் துணிகிறான் என்பதற்கு இத்தகைய நிகழ்ச்சிகளே சான்று.

இது தளேகாவில் மட்டும் நிகழ்ந்ததன்று. அதே மாவல் வட்டத்தில் 2011ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள், பவனா அணையின் நீரைக் குழாய் வழியே நகருக்குக் கொண்டுபோகும் திட்டத்தை எதிர்த்து விரைவுச் சாலையில் திரண்ட உழவர்மீது காவலர் சுட்டதில் மூவர் மாண்டனர். அவருள் ஒருவர் பெண். தமிழகத்திலோ, ஒடுக்கப்பட்ட மக்களுக்கென 1892ஆம் ஆண்டு ஆணையின் வழி வழங்கப்பட்ட பஞ்சமி நிலத்தை மீட்க முயன்ற காரணைப் போராட்டத்தின்போது, 1994ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் செங்கற்பட்டில் இருவர் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையாயினர். தாமிரபரணி மணற்கொள்ளையைத் தடுத்துப் புகார் கொடுத்த முறப்பநாட்டுக் கிராம நிருவாக அலுவலர் லூர்து பிரான்சிஸ், 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் தம் அலுவலகத்திலேயே வெட்டுண்டு இறந்தார். மகாசம்மதனின் பணியைச் செய்த அரசு ஊழியர் அவர். புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் பகுதியில் சட்டத்துக்குப் புறம்பான கல்குவாரிகளை எதிர்த்து மனுக் கொடுத்து வந்த ஜகபர் அலி, 2025ஆம் ஆண்டு ஜனவரியில் லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். உலகெங்கும் இத்தகைய கொலைகளைக் கணக்கிட்டு வரும் குளோபல் விட்னஸ் என்னும் அமைப்பு, 2023ஆம் ஆண்டில் மட்டும் 196 பேர் இங்ஙனம் மாண்டனர் எனப் பதிவு செய்துள்ளது.

இனி, நம்மவரிடையேயும் எழும் ஓர் ஐயத்தை எடுத்துக்கொள்வோம். எல்லாம் முன்வினைப் பயன் அன்றோ, அவரவர் வினை அவரவரைச் சாரும், இதில் நாம் செய்வது யாது என்பர் சிலர். இதற்கு விடை பகவானின் தலைமாணாக்கர் இருவருள் ஒருவராகிய மொக்கல்லானரின் முடிவிலேயே உள்ளது. அவருடைய புகழைப் பொறாத சமயவாதிகள் கூலிக்குக் கொலைஞரை ஏவி அவரை அடித்துக் கொன்றனர் என்று தம்மபத உரை கூறுகின்றது. அவர் முற்பிறப்பிற் செய்த கொடுவினையின் பயன் அது என்றும் அவ்வுரையே சொல்லுகின்றது. ஆயினும் அதனைக் காரணங் காட்டி எவரும் கொலைஞரை விடுவிக்கவில்லை. அஜாதசத்துரு மன்னன் ஒற்றரை ஏவி, கொன்றவரை மட்டுமின்றி ஏவியவரையும் கண்டறிந்தான். இறந்தவரின் பழவினை வேறு. கொன்றவனின் புதுவினை வேறு. முன்னதைச் சொல்லிப் பின்னதை மூடுவது வினைக் கொள்கை ஆகாது. சோம்பலுக்கு நாம் இடும் சமயப் போர்வையே ஆகும். மேலும், மாந்தர் நுகரும் துன்பம் அனைத்தும் பழவினையால் வருவன அல்ல என்றும், பிறர் தாக்குதலாலும் துன்பம் வரும் என்றும் சீவகன் என்னும் பரிவிராசகனுக்குப் பகவானே உணர்த்தியுள்ளார்.

மொக்கல்லானரைப் பௌத்த உலகம் இன்றும் வணங்குகிறது. 1851ஆம் ஆண்டில் சாஞ்சியில் கண்டெடுக்கப்பட்ட அவருடைய தாதுக்கள் சாரிபுத்தரின் தாதுக்களுடன் இங்கிலாந்து சென்று, பின் நாடு திரும்பி, 1952இல் சாஞ்சியிலேயே மீண்டும் வைக்கப்பெற்றன. நாம் வணங்குவது அவர் அடியுண்டு இறந்ததையா? அன்று. அவர் வாழ்ந்த வாழ்வையே வணங்குகின்றோம். இக்குறிப்பை மறந்தால் பெருந்தீங்கு விளையும். கொலையுண்டதையே சிறப்பாகப் பாடுவோர், அறியாமலே மற்றோர் இளைஞனைச் சாவுக்கு அழைப்பவராவர். வாழ்வதில் வேட்கையும் அழிவதில் வேட்கையும் இரண்டும் தளைகளே என்பது நம் நெறி. சதீஷ் ஷெட்டி பாதுகாப்பு வேண்டி விண்ணப்பித்தவர். அவர் சாவை நாடியவர் அல்லர். அவரைத் தியாகி என்று மட்டும் கூறி அமைவது, காக்கத் தவறியோரின் பொறுப்பை மலர்க்குவியலுக்குள் புதைப்பதாகும்.

கொன்றவர்மீது வெறுப்புக் கொள்ளலாமோ என்பது மற்றொரு வினா. வெறுப்பு ஆகாது, அதில் ஐயமில்லை. ஆனால் மைத்திரி என்பது உண்மையை மறைக்கும் திரை அன்று. அங்குலிமாலன் திருந்தியபோது, தான் யார் என்பதையும் தான் செய்தது யாது என்பதையும் மறைத்துத் திருந்தவில்லை. கல்லடிபட்டுக் குருதி ஒழுக வந்தபோதும் அதனைப் பொறுத்துக்கொள்ளுமாறே பகவான் அவனுக்கு அறிவுறுத்தினார். குற்றம் இன்னாருடையது என்று வெளிப்பட்டால்தான் குற்றவாளிக்கும் திருந்தும் வழி பிறக்கும். முடிக்கப்பட்டு மூடப்பட்ட கோப்பு, கொலையுண்டவர்க்கு இழைத்த அநீதி. கொலை செய்தவர்க்கோ நிலைத்த இருள். ஆதலின் நீதி கேட்பது மைத்திரிக்கு மாறானதன்று.

அங்ஙனமாயின் இவர்களுக்கு உரிய பிரதிபத்தி பூசை எது? கொலைஞன் அழிக்க நினைத்தது யாது என்று கண்டால் விடை தானே விளங்கும். அவன் அழிக்க நினைத்தது ஒரு கேள்வியை. ஒருவர் மட்டும் கேட்கின்றார். அவரை அகற்றினால் கேள்வி அகலும் என்பதே அவன் கணக்கு. அக்கேள்வியை நூறு பேர் தமதாக்கிக் கொண்டால் அவன் கணக்குப் பிழையாகும். மத்திய தகவல் ஆணையம் 2011ஆம் ஆண்டு செப்டம்பரில் இயற்றிய ஒரு தீர்மானத்தில் இவ்வுண்மை சட்ட மொழியில் வெளிப்பட்டது. தகவல் கேட்டவர் தாக்கப்பட்டார் அல்லது கொல்லப்பட்டார் என்ற முறையீடு வந்தால், அவர் கேட்டிருந்த தகவலை அந்தந்த அலுவலகம் தானே வெளியிடுமாறு பணிக்கலாம் என்பது அதன் கருத்து. கேட்டவர் மறைந்தாலும் கேட்டது மறையாது என்பதே இதன் உட்பொருள். இத்தீர்மானத்தை மாநிலங்கள் தோறும் நடைமுறையாக்குமாறு நாம் வற்புறுத்தல் வேண்டும். ஊழலை அறிவிப்போரைக் காக்கும் சட்டம் 2014ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றும், பத்தாண்டு கடந்தும் நடைமுறைக்கு வராது கிடந்தது. அதனையும் நாம் கேட்டல் வேண்டும்.

பிரேசில் நாட்டில், அமேசான் காட்டில் இரப்பர்ப் பால் எடுக்கும் தொழிலாளர் தலைவர் சிக்கோ மெண்டிஸ் 1988ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். காட்டை அழிக்காது அதன் பயனை மட்டும் மக்கள் கொள்ளும் காப்புநிலங்கள் வேண்டும் என்பதே அவர் கேட்டது. 1990ஆம் ஆண்டில் அத்தகைய காப்புநிலம் ஒன்று அவர் பெயராலேயே அமைந்தது. சிலை எழுப்புவதினும் பெரிய பூசை இது.

அன்பர்களே, ஆமிச பூசையை விடவேண்டும் என்று நாம் கூறவில்லை. ஜனவரி 13ஆம் நாள் ஒரு விளக்கேற்றுங்கள், மலரும் இடுங்கள். அதனோடு ஒன்று செய்யுங்கள். உங்கள் ஊரின் ஏரி, புறம்போக்கு, மேய்ச்சல் நிலம், பஞ்சமி நிலம் ஆகியவற்றின் பதிவேட்டைப் பத்து ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பித்துக் கேளுங்கள். முப்பது நாளில் விடை தரவேண்டியது அலுவலரின் கடமை. விண்ணப்பத்தில் ஒருவர் பெயர் மட்டும் நிற்க விடாதீர்கள். பலரும் தனித்தனியே அதே தகவலைக் கேட்டு விண்ணப்பம் இடுங்கள். அலுவலகத்துக்குச் செல்லும்போது பலராய்ச் செல்லுங்கள். ஏற்கெனவே தனித்துக் கேட்டுக்கொண்டிருப்பவர் ஒருவர் உங்கள் ஊரில் இருப்பின் அவர் பக்கத்தில் நில்லுங்கள்.

புத்தரையும் தம்மத்தையும் சரணடைந்த பின்னர் சங்கத்தையும் சரணடைகின்றோம். அறவழியில் நடப்பவன் தனியன் அல்லன் என்னும் உறுதியும் அம்மூன்றாம் சரணத்துள் அடங்கும். அந்த உறுதி சதீஷ் ஷெட்டிக்கு அன்று காலை கிடைக்கவில்லை. அடுத்து வருபவருக்கேனும் அது கிடைக்குமாறு நாம் ஒழுகுவோமாக.