வாடகை வாங்கியவர் கடன்

2024 ஆகஸ்டில் பெங்களூரிலிருந்து மைசூருக்கு எதிர்க்கட்சிகள் நடைபயணம் போயின. மைசூர் நகர்ப்புற வளர்ச்சி ஆணையம், ஊரார் வாயில் ‘மூடா’, முதலமைச்சர் சித்தராமையாவின் மனைவிக்கு மாற்று நிலமாக 14 மனைகளை ஒதுக்கியது முறைதானா என்பது சண்டை. ஆளுநர் விசாரணைக்கு அனுமதி கொடுத்தார். உயர் நீதிமன்றம் அது செல்லும் என்றது. அக்டோபரில் மனைகள் திருப்பிக் கொடுக்கப்பட்டன. 2025 பிப்ரவரியில் லோக் ஆயுக்தா காவல்துறை, முதலமைச்சருக்கு எதிராகச் சான்று இல்லை என்றது. அந்த வழக்கின் பாடு நீதிமன்றங்களோடு. ஆனால் ஊரின் பொதுநிலம் யார் பொறுப்பில் இருக்கிறது என்று தொலைக்காட்சிகள் கத்திக்கொண்டிருந்த அதே நாட்களில், அந்தக் கேள்வியை இன்னும் உரக்கக் கேட்டிருக்க வேண்டிய இடம் ஒன்று நகரின் நடுவிலேயே ஒரு பக்கம் இடிந்து நின்றது. அதற்காக நடைபயணம் போவார் யாருமில்லை.

தேவராஜ மொஹல்லாவில் சயாஜி ராவ் சாலையை ஒட்டி இருக்கிறது தேவராஜ மார்க்கெட். திப்பு காலத்து வாரச் சந்தை என்பார்கள் அதன் தொடக்கத்தை. இன்றைய கட்டடம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், உடையார் ஆட்சியில் எழுந்தது. மூன்று ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் நூற்றுக்கணக்கான கடைகள். மைசூர் மல்லிகை, மைசூர் வெற்றிலை, நஞ்சன்கூடு ரசபாளை வாழை என்று புவிசார் குறியீடு பெற்ற சரக்குகள் மூன்றும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். குங்குமக் குவியல்களைப் படமெடுக்க வெளிநாட்டார் வருவார்கள். ஊர்க்காரர்கள் கறிவேப்பிலை வாங்க வருவார்கள். எதிரே ‘சிக்க கடியாரா’ என்று ஊரார் அழைக்கும் டஃபரின் மணிக்கூண்டு. கூப்பிடு தூரத்தில், வைஸ்ராய் லான்ஸ்டவுன் வந்துபோனதன் நினைவாக 1892இல் கட்டப்பட்ட லான்ஸ்டவுன் கட்டடம். பழைய புத்தகம் தேடுகிறவர்களுக்கு அந்தக் காலத்தில் அது தெரியாமல் இராது.

2012 ஆகஸ்டில் லான்ஸ்டவுன் கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். கடைகள் காலி செய்யப்பட்டன.

2016 பிப்ரவரியில் தூய்மை நகரங்களின் தேசியப் பட்டியலில் மைசூர் முதலிடம் பெற்றது. அதே ஆண்டு ஆகஸ்டு 28, ஞாயிற்றுக்கிழமை, தேவராஜ மார்க்கெட்டின் வடபுறம், தன்வந்திரி சாலைப் பக்கம், இடிந்து விழுந்தது. புதுப்பிப்பு வேலை நடந்துகொண்டிருந்த நேரம் அது. உயிர்ச்சேதம் இல்லை. அன்றிலிருந்து விவாதம் ஒன்றே ஒன்று: இடித்துக் கட்டுவதா, செப்பனிடுவதா? பாரம்பரியக் கட்டடங்களுக்கான இன்டாக் அமைப்பு செப்பனிடலாம் என்றது. அரசு அமைத்த வல்லுநர் குழு இடிக்கச் சொன்னது. அரச குடும்பத்தின் பிரமோதா தேவி உடையார் இடிக்கக் கூடாது என்றார். வியாபாரிகள் நீதிமன்றம் போனார்கள். 2023 ஆகஸ்டில் கர்நாடக உயர் நீதிமன்றம் மனுக்களைத் தள்ளுபடி செய்து, இந்தச் சந்தை, லான்ஸ்டவுன் கட்டடம் இரண்டையும் இடித்துக் கட்டும் முடிவுக்குத் தடை இல்லை என்றது.

இடிக்க உரிமை உண்டா என்ற கேள்வி அங்கே முடிந்தது. இடிப்பது நியாயமா என்ற கேள்வி முடியவில்லை. பல தலைமுறைகளாக ஒரு பொதுச் சொத்திலிருந்து வாடகையும் வரியும் வாங்கிக்கொண்ட மாநகராட்சி நிர்வாகம், அதைக் காக்கத் தவறிவிட்டு, அந்தத் தவறின் விளைவையே காரணம் காட்டி அதை இடிக்கலாமா? கூடாது. தன் பிழையிலிருந்து தானே ஆதாயம் அடையக் கூடாது என்பது சட்டப் புத்தகங்களுக்கும் முந்திய நியாயம். இந்த நியாயத்தை விட்டுவிட்டால், எந்த ஊரின் எந்தப் பழைய கட்டடத்தையும் அப்புறப்படுத்த ஒரு நல்ல வழி கிடைத்துவிடுகிறது: கூரை ஒழுகினால் பார்க்க வேண்டாம், சுவரில் அரசங்கன்று முளைத்தால் பிடுங்க வேண்டாம், பொறுமையாகக் காத்திருந்தால் போதும். பிறகு ஒரு மழைக்காலம் வேலையை முடித்துவிடும். குழு அமைத்து அறிக்கை வாங்குவதுதான் பாக்கி.

வரி என்றதும் நம் ஊரில் புறநானூறு வந்துவிடும். பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்குச் சொன்ன யானைக் கதையை 2019 நிதிநிலை அறிக்கையில் நிர்மலா சீதாராமனே எடுத்துச் சொன்னார். விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் சிறு நிலமும் யானைக்குப் பல நாள் சோறிடும். யானையே வயலுக்குள் இறங்கினால் தின்றதைவிட மிதித்தது அதிகம் என்பது அதன் சாரம். இதை எல்லோரும் அதிக வரிக்கு எதிரான பாட்டாக மட்டும் படிக்கிறார்கள். அதில் இன்னொரு பாதி இருக்கிறது: வயல் அடுத்த பருவமும் வயலாக இருக்க வேண்டும் என்ற கவலை. அர்த்தசாஸ்திரம் பழுத்த கனியை மட்டும் பறிக்கச் சொல்வதும், மகாபாரதத்தின் சாந்தி பருவம் மலரைச் சிதைக்காத வண்டை அரசனுக்குக் காட்டுவதும் அதே கவலைதான். மரத்தை வாடவிட்டுக் கனி பறிப்பதை எந்த நூலும் ஒப்பவில்லை.

வள்ளுவர் இதை இன்னும் துல்லியமாகப் பிரித்தார். இறைமாட்சியில் அரசின் வேலையை நான்காக அடுக்குகிறார்: பொருள் வரும் வழியை உண்டாக்குவது, சேர்ப்பது, காப்பது, காத்ததைப் பகிர்ந்து செலவிடுவது. நம் நகராட்சிகளும் மாநகராட்சிகளும் இந்த அடுக்கில் மூன்றாம் படியைத்தான் தாண்டிக் குதிக்கின்றன. புதிதாகக் கட்டினால் கல்வெட்டு உண்டு, திறப்பு விழா உண்டு, ஒப்பந்தம் உண்டு. ஓடு மாற்றினால் எந்த அமைச்சர் வந்து ரிப்பன் வெட்டுவார்? கொடுங்கோன்மை அதிகாரத்தில் அவர் வேலேந்திய வழிப்பறிக்காரனை அரசனுக்கு உவமையாக்கியதை இங்கே இழுப்பது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் வாங்குவதற்கு ஈடாக எதையும் காக்காத கை, எவ்வளவு மென்மையாக ரசீது கொடுத்தாலும், அந்த வரிசையில்தான் போய் நிற்கும்.

சிலப்பதிகாரத்துப் புகாரில் பகல் சந்தையான நாளங்காடிக்கே ஒரு காவல் பூதம் உண்டு. அதற்குப் பொங்கலும் பூவும் படைத்து ஊரே வணங்கியது. கடைத்தெரு தானாக நிற்காது, அதைக் காக்க ஒரு பொறுப்பு அங்கேயே குடியிருக்க வேண்டும் என்று அன்றைய ஊர் நினைத்திருக்கிறது. மதுரைக்காஞ்சி நாளங்காடியையும் அல்லங்காடியையும் வரி வரியாக விரிப்பதும், சந்தைதான் நகரத்தின் மூச்சு என்று அந்தப் புலவருக்குத் தெரிந்ததால்தான்.

மைசூருக்கு இந்த அறம் யாரும் வெளியிலிருந்து கற்றுத்தர வேண்டியதில்லை. 1890களின் பிளேக் கொள்ளைநோய்க்குப் பிறகு 1903இல் இங்கே நகர மேம்பாட்டு அறக்கட்டளை வாரியம் அமைந்தது; பம்பாய்க்கு அடுத்து இந்தியாவில் இப்படி முதலில் எழுந்தவற்றுள் ஒன்று. மூடா அதன் வாரிசுதான். பெயரிலேயே அறக்கட்டளை இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் பட்டு ஆலையும் சந்தன எண்ணெய் ஆலையும் வந்தன. வந்த வருமானத்தில் சாலையும் பூங்காவும் ஆஸ்பத்திரியும் எழுந்தன. எழுந்தவை பராமரிக்கவும் பட்டன.

பிறகு அந்த ஊரின் தொழில் முதுகு வளைந்தது. யாதவகிரியில் 1960களின் தொடக்கத்தில் பைக் உற்பத்தியைத் தொடங்கிய ஐடியல் ஜாவா 1996இல் மூடியது. ஃபால்கன் டயர்ஸ் முடங்கியது. 1979இல் கர்நாடகம் ஆக்ட்ராய் எனும் நகர நுழைவுத் தீர்வையை ஒழித்த பிறகு, மாநகராட்சிக்குத் தன் கையால் வசூலிக்க மிஞ்சிய பெரிய வருமானம் சொத்து வரிதான். ஜிஎஸ்டியில் உள்ளாட்சிக்கென்று நேர்ப் பங்கு கிடையாது. இப்படிப்பட்ட நிர்வாகத்தின் கண்ணில் நகர மையத்தின் மூன்று ஏக்கர், பழைய வாடகையில் பூக்கடை வைத்திருப்பவர்களின் இடமாகத் தெரியாது; பல அடுக்கு வணிக வளாகமாகவும் வாகன நிறுத்தமாகவும் தெரியும். அந்த ஆசைக்குக் காரணம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளலாம். காரணம் இருக்கும் ஆசையெல்லாம் நியாயமாகிவிடாது.

எதிர்த்தரப்புக்காகச் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. லான்ஸ்டவுன் கட்டடத்தில் செத்த நால்வரின் உயிரைவிடப் பழங்காரை பெரிதில்லை. தசரா ஊர்வலம் 750 கிலோ தங்க அம்பாரியோடு சயாஜி ராவ் சாலை வழியாகத்தான் போகிறது; அன்று எத்தனை ஆயிரம் பேர் அந்தச் சுவர்களின் அடியில் நிற்கிறார்கள் என்று நினைத்தால் அதிகாரிகளுக்குத் தூக்கம் வராதது இயல்பு. நீதிமன்றம் உயிரை முன்னே வைத்ததில் குற்றம் காண முடியாது.

ஆனால் உயிரைக் காப்பதற்கு வழி இடிப்பது ஒன்றுதானா? ஆபத்தான பகுதியை மூடலாம், முட்டுக் கொடுத்து நிறுத்தலாம், வியாபாரிகளுக்குத் தற்காலிக இடம் கொடுத்துப் பகுதி பகுதியாகச் செப்பனிடலாம். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்ட கட்டடத்தின் மீது சிமென்ட்டைப் பூசினால் உள்ளே ஈரம் தங்கி அது இன்னும் கெடும். சுண்ணாம்பு அரைத்துப் பூசும் கொத்தனார்களைக் கொண்டு செய்தால் மீளும். சென்னை சேப்பாக்கத்தில் ஆற்காட்டு நவாபின் கலச மஹால் இதற்குச் சாட்சி. 1768இல் கட்டப்பட்ட அந்த மாளிகை 2012 ஜனவரியில் தீயில் வெந்து, கூரை இழந்து, வெறும் சுவராக நின்றது. இடித்துத்தான் ஆக வேண்டும் என்று அன்று சொல்லாதவர் குறைவு. தமிழ்நாடு பொதுப்பணித் துறை அதைப் பழைய முறையிலேயே மீட்டெடுத்தது. இப்போது தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே கூடுகிறது. தீயில் வெந்ததை ஓர் அரசுத் துறை எழுப்ப முடியுமென்றால், ஒரு மூலை சரிந்த சந்தையை எழுப்ப முடியாதா?

“அதே வடிவில் திரும்பக் கட்டித் தருகிறோம்” என்கிறார்கள் இடிக்கச் சொல்பவர்கள். புதுச்சேரியில் அது நடந்தது. 2014 நவம்பரில் முற்றாக இடிந்து விழுந்த மேரி கட்டடம், அதே தோற்றத்தில் கட்டப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. நல்ல வேலைதான். ஆனால் அது தானே விழுந்தது. நிற்பதைத் தள்ளிவிட்டு நகல் எடுக்கவில்லை. மேலும் அது நகராட்சி அலுவலகம். அதற்குள் இடுப்பில் பணப்பை செருகிய பூக்காரம்மாக்கள் இல்லை. சந்தையை அப்புறப்படுத்தினால் முகப்பு திரும்பி வரலாம். கட்டட வேலை நடக்கும் ஆண்டுகளில் வேறெங்கோ சிதறிய வாடிக்கை திரும்பி வராது. 1985 மே மாதம் சென்னை மூர் மார்க்கெட் எரிந்தபோது அதைக் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த இடத்தில் ரயில் முனையம் வந்தது. வியாபாரிகளுக்குப் பக்கத்திலேயே ஒரு வளாகம் கிடைத்தது. மூர் மார்க்கெட் கிடைத்ததா?

பாரிஸ் இதையே பேரளவில் செய்து பார்த்தது. லே ஆல் எனும் மையச் சந்தையை 1969இல் ருன்ஜிஸ் புறநகருக்குத் துரத்தி, கட்டடக் கலைஞர் பால்ட்டாரின் இரும்பு மண்டபங்களை 1971 முதல் இடித்துப் போட்டது. 1979இல் அங்கே நிலத்தடி வணிக வளாகம் திறந்தது. யாருக்கும் பிடிக்கவில்லை. முப்பதே ஆண்டுகளில் அதன் மேற்பகுதியையும் இடித்து, 2016இல், அதாவது தேவராஜ மார்க்கெட் சரிந்த அதே ஆண்டில், புதிய கூரை போட்டார்கள். நூறாண்டு நின்றதை இடித்துக் கட்டியது நாற்பதாண்டு தாங்கவில்லை. பழைய கட்டடங்கள் கட்டியவர்களுக்கும் வரப்போகிறவர்களுக்கும் சொந்தம், இடையில் இருப்பவர்களுக்கு இடிக்கும் உரிமை இல்லை என்று ஆங்கில எழுத்தாளர் ரஸ்கின் 1849இலேயே எழுதியதை அங்கே காலம் கடந்துதான் எடுத்துப் படித்தார்கள்.

வியாபாரிகளும் கை கழுவிவிட முடியாது. சந்தை விலை ஏறியபோது வாடகை ஏறக் கூடாது என்று பிடிவாதம் பிடிப்பதும், வாங்கிய கடையை உள்வாடகைக்கு விட்டு வீட்டில் உட்கார்ந்து பணம் எண்ணுவதும், நடைபாதையில் சாக்கை விரித்துக் கடையை நீட்டுவதும் எந்த ஊர்ச் சந்தையிலும் நடப்பவை. பிறர் பொருளையும் தன் பொருள்போல் பேணுவதே வாணிகம் என்றார் வள்ளுவர். கொள்வதில் மிகையும் கொடுப்பதில் குறையும் இல்லாத காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பட்டினப்பாலை புகழ்கிறது. அந்தப் புகழ் வேண்டுமென்றால் நியாய வாடகையைத் தாமே முன்வந்து ஏற்க வேண்டும். உயர்த்திய வாடகை முழுவதும் இந்தக் கட்டடத்தின் தனிக் கணக்கில் போய்ச் சேர வேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு ஏற்க வேண்டும்.

மாநகராட்சியின் கடன் அதைவிடப் பெரிது, அதைவிட முந்தியது. முதல் சுத்தியல் விழுமுன் ஒரு கணக்கை அது மக்கள் முன் விரிக்கட்டும்: கடந்த முப்பது ஆண்டுகளில் தேவராஜ மார்க்கெட்டிலிருந்து வந்த வாடகை எவ்வளவு, அதில் அந்தக் கட்டடத்தின் மேல் செலவழிந்தது எவ்வளவு, 2016இல் சரிந்த வேலையை யார் எந்த முறையில் செய்தார்கள். மைசூர் மக்கள் இதைக் கேட்க நீதிமன்றம் போகத் தேவையில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போதும். கணக்கு வராதவரை அந்தக் கட்டடத்தின் மேல் கை வைக்க மாநகராட்சிக்கு அறத்தின்படி உரிமை இல்லை.